அமைச்சர் பூனை

"இந்த வாரமும் எங்க வீட்டுக்காரரைப் பூனையாத்தான் போட்டிருக்கீங்க!"

அமைச்சர் வெதர்பியின் மனைவி ஹெஸ்டர், கையிலிருந்த 'நெருஞ்சி' வார இதழை மேஜைமேல் வீசினாள்.

கேலிச்சித்திரக்காரர் கிம்பர் மை படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை.

படத்தில் ஒரு கொழுத்த பூனை, உயரத் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு, கிண்ணத்துப் பாலை நக்கிக்கொண்டிருந்தது. முகம் அச்சு அசல் வெதர்பி. சுற்றிலும் ஏழைகள் விடுதிக் குழந்தைகள், காலிக் குவளைகளோடு.

அந்தக் குழந்தைகளுக்குத் தரும் பாலை நிறுத்தும் மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்திருப்பவர் வெதர்பிதான்.

"அவர் வண்டி போனா லண்டனே மியாவ்ங்குது. சர்ச்சுல பின் பெஞ்சுலேர்ந்து மியாவ்! மகாராணி விருந்துல ஒரு சீமாட்டி, 'பால் சாப்பிடறீங்களா?'ன்னு அவரையே கேக்கறா!"

கிம்பருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"நல்லாச் சிரிங்க. படம்கூடப் போகட்டும். கீழே போட்டிருக்கீங்களே, 'தண்ணி குடிச்சு வளர்ற பிள்ளைதான் நல்ல உழைப்பாளியா வரும்'னு, அது பிரதமர் எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில சொன்னது. ஒரு எழுத்து மாறாம உங்களுக்கு எப்படி வந்துது? யார் சொன்னாங்க?"

"அதைச் சொல்ல மாட்டேன், அம்மா."

"கோர்ட்டுக்கு இழுப்பேன்."

"வர்றேன்."

"ஜெயிலுக்குப் போவீங்க."

"அங்கேயும் சுவர் இருக்கும். வரையலாம்."

ஹெஸ்டர் குடையை இறுக்கிப் பிடித்தாள்.

"நீங்க சொல்லவே வேண்டாம். அன்னிக்குப் பரிமாறினவன் ஹாப்லி. இன்னிக்கே அவனை வெளியே அனுப்பறேன். நற்சான்று இல்லாம அனுப்பினா, அப்புறம் எந்த வீட்டுல அவனைச் சேர்ப்பாங்கன்னு பார்க்கறேன்."

கிம்பரின் முகம் மாறியது.

"அவர் இல்லைம்மா. சத்தியமா அவர் இல்லை."

"அப்ப யாரு?"

கிம்பர் மேஜைமேல் கிடந்த இதழை மடித்து வைத்தார்.

"வாக்குக் கொடுத்திருக்கேன்."

"பத்திரமா வெச்சுக்கோங்க உங்க வாக்கை. ஹாப்லியோட பாவம் உங்க தலையில."

அவள் விடுவிடுவென்று படியிறங்கி வண்டியில் ஏறினாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஹாப்லியைக் கூப்பிட்டு நிறுத்தினாள். நரைத்த தலையைக் குனிந்துகொண்டு, "நான் சொல்லலைம்மா, நான் சொல்லலைம்மா" என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சு வரவில்லை.

அப்போதுதான் வெதர்பி உள்ளே நுழைந்தார். கோட்டுத் தோளில் கறை. வழியில் யாரோ வண்டிக்குள் மீன் தலையை வீசியிருந்தார்கள்.

"இங்கே என்ன நடக்குது?"

"உங்களை ஊர் சிரிக்க வெச்சவனை வெளியே அனுப்பறேன்."

வெதர்பி ஹாப்லியைப் பார்த்தார்.

"ஹாப்லி, நீ எங்கேயும் போகவேண்டாம். உள்ளே போய் வேலையைப் பாருப்பா."

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க இது? இன்னும் அவனுக்கு இரக்கப்படறீங்களா? மசோதா என்ன ஆகுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். நம்ம கட்சிக்காரங்களே கை தூக்கப் பயப்படறாங்க. அடுத்த வாரம் தங்களையும் பூனையாப் போட்டுடுவாங்களோன்னு பயம். மசோதா தோத்துடும்."

"உங்க பதவியும் போயிடும்!"

"போகும்."

அவர் சொன்ன விதத்தில் வருத்தமே இல்லை. ஹெஸ்டருக்கு அழுகை வந்தது.

"பிரதமர் இந்த மசோதாவை உங்க தலையில கட்டினப்பவே பிடிக்கலைன்னீங்க. அன்னிக்கே விலகியிருந்தா இந்த மியாவ் எல்லாம் கேட்டிருக்க வேண்டாமே!"

"விலகியிருந்தா, நல்லாப் பேசத் தெரிஞ்ச ஒருத்தனைக் கொண்டுவந்து நிறைவேத்தியிருப்பாங்க. பிள்ளைங்களுக்குப் பால் நின்னுபோயிருக்கும்."

ஹெஸ்டர் கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

வெதர்பி கோட்டைக் கழற்றி, தோளிலிருந்த மீன் செதிலைத் தட்டிவிட்டார்.

"பூனை மூஞ்சியில இன்னும் கொஞ்சம் பேராசை தெரியணும்னு கிம்பர்கிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ஹெஸ்டர். என் முகத்தைப் பார்த்துட்டு அந்த மனுஷனுக்குத்தான் கை வரமாட்டேங்குது."