ஆவுடையப்பன் நடந்த வேகம்

அறுபதைத் தாண்டியவர்கள் தினம் ஆறாயிரம் அடி நடக்காவிட்டால் மருத்துவ அட்டை ரத்து என்று சட்டம் வந்ததும், எங்கள் காலனிப் பூங்காவின் எட்டு வடிவ நடைபாதைக்கு நான்தான் ராஜா. முப்பத்தைந்து வருடம் தபால் சுமந்த கால்கள் ஆயிற்றே! நான் திரும்புகிற வேகத்தில் வேப்பமரம் இலை உதிர்க்கும். தள்ளுவண்டிக் குழந்தைகள் எழுந்து நின்று வழிவிடும்.

முழங்கால் தேய்ந்து வீட்டோடு கிடந்த என் நண்பன் ஆவுடையப்பனின், அடி, நாடி, இருக்குமிடம் எல்லாம் அரசுக்குச் சொல்லும் கைப்பட்டையையும் கட்டிக்கொண்டு, ஒரு மாதமாக அவனுக்கும் சேர்த்து நடந்தேன்.

"நேத்து ஒன்பதாயிரம் நடந்திருக்கேடா நீ. இமயமலையில பாதி!" என்பேன்.

"மெதுவா போடா பாவி. என்னை ஒலிம்பிக்குக் கூப்பிட்டுறப் போறானுங்க" என்று கட்டிலிலிருந்தே சிரிப்பான்.

நேற்று காலை ஐந்தாவது சுற்றில் அவன் மனைவி கோமதியின் போன் வந்தது.

"அண்ணே, இவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாஞ்சுட்டார். ஆம்புலன்ஸ் வரமாட்டேங்குறாங்க. 'அவர் பார்க்குல நடந்துக்கிட்டிருக்கார், நாடி பிரமாதமா இருக்கு'ன்னு சொல்றாங்க. அந்தப் பட்டையை எடுத்துட்டு ஓடி வாங்க. இவர் கையில கட்டினாத்தான் நம்புவாங்க!"

ஓடினேன். வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

அவன் மணிக்கட்டு சில்லிட்டிருந்தது. கோமதி கையைத் தூக்கிப் பிடிக்க, நான் பட்டையைக் கட்டினேன். அது லேசாக அதிர்ந்து, ஒரு பெண் குரலில் பேசியது.

"வாழ்த்துகள், ஆவுடையப்பன்! இதுவரை நீங்கள் நடந்ததிலேயே இன்றுதான் அதிக வேகம்."