நொண்டி வாத்து

"ஒரு நொண்டி வாத்தைக் கொடுக்க மனசு வரலையே, இவனெல்லாம் ஒரு சித்தப்பனா?"

முட்டைக்கோஸ் மூட்டை கட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கெல்லாம் அன்று இதே பேச்சுதான். ஆரம்பித்து வைத்தவள் மூர்னி. அவள் வாய்க்கு ஊரே பயப்படும் என்றாலும், இந்த விஷயத்தில் அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

சர்வோனோவின் மகள் வெனிங்குக்கு ஆறு வயது. எங்கள் மலையில் சில குழந்தைகளுக்கு வருவதுபோல, ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கும் தலையில் சடை விழுந்துவிட்டது. அதை நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. குழந்தையே 'வெட்டுங்க' என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது ஏதாவது ஒன்று கேட்கும். கேட்டதைக் கொடுத்தே தீர வேண்டும். ஏமாற்றி வெட்டினால் சடையும் திரும்பி வரும், காய்ச்சலும் திரும்பி வரும்.

போன வாரம் வெனிங் வாயைத் திறந்தாள்.

"வெட்டிக்கிறேன். ஆனா எனக்குப் பர்ஜான் சித்தப்பாவோட நொண்டி வாத்து வேணும்."

அம்மா யாத்மி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பொன்னைக் கேட்டிருந்தால்கூட எப்படியாவது புரட்டியிருப்பாள்.

சர்வோனோவும் தம்பி பர்ஜானும் அடுத்தடுத்த வீடு. பேச்சு வார்த்தை கிடையாது. மழைத் தண்ணீர் போகிற வாய்க்காலை யார் யாருடைய உருளைக்கிழங்கு வயலுக்குள் தள்ளிவிட்டது என்று சண்டை.

"இனிமே உன் வீட்டு அடுப்புல நான் குளிர் காய்ஞ்சேன்னா என் பேரை மாத்திக் கூப்பிடு!" என்று அண்ணன் கத்தியது கீழ்த்தெரு வரை கேட்டது. சின்ன வார்த்தை இல்லை அது. எங்கள் குளிரில் முன்னறையில் உட்கார்ந்தால் விருந்தாளி. அடுப்படியில் உட்கார்ந்தால்தான் சொந்தம்.

நோன்புப் பெருநாளன்று சின்னவர்கள் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். அப்புறம் வந்த பெருநாளுக்கு அப்படிக் கேட்கத் தம்பி வந்தான். அண்ணன் பின்வாசல் வழியாக வயலுக்குப் போய்விட்டார். அடுத்த பெருநாளுக்கும் அதே கதைதான்.

இப்போது வாத்துக்காக முதலில் போனது யாத்மி.

"தம்பி, புள்ளை ஆசைப்படுது. அந்த வாத்தைக் கொடுத்துடுங்க."

"முடியாது அண்ணி. அது ராசியான வாத்து."

"அது முட்டைகூடப் போடறதில்லையே!"

"அதான் ராசி."

அடுத்து, சடை வெட்டி வைக்கும் பெரியவரே நேரில் போனார். அவரிடமும் கையை விரித்துவிட்டான்.

"யாரு கேக்கணுமோ அவரு வந்து கேக்கட்டும்."

"பாத்தீங்களா, அண்ணனைக் கால்ல விழ வைக்கப் பாக்கறான். புள்ளை தலையில விளையாடறான், பாவி!" என்று மூர்னி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நாங்களும் ஆமாம் போட்டோம்.

சர்வோனோவா மசிவார்? சந்தையில் ஒரு வாத்து வாங்கி, அதன் காலில் இறுக்கித் துணி சுற்றிக் கொண்டுவந்தார்.

"இந்தா கண்ணு, சித்தப்பா வாத்து."

வெனிங் உற்றுப் பார்த்தாள். "சித்தப்பா வாத்துக்கு இடது காலுதானே நொண்டி?"

துணியை இடது காலுக்கு மாற்றலாம் என்று அவிழ்த்தார். வாத்து ஓடியே போய்விட்டது.

அன்று ராத்திரி குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. விடிந்ததும் சூடு தணிந்தது. சர்வோனோவின் ரோஷமும் அதோடு தணிந்தது. சரோங் கைலியைத் தோளில் போர்த்திக்கொண்டு தம்பி வீட்டு வாசலில் போய் நின்றார். நாங்கள் எல்லாரும் ஏதோ வேலை இருப்பதுபோல அவரவர் வாசலுக்கு வந்துவிட்டோம்.

"பர்ஜான்..."

தம்பி எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணே?"

"புள்ளைக்கு ராத்திரி உடம்பு சுட்டுடுச்சு. அந்த வாத்தைக் கொடுடா."

"அடுப்படியிலதான் இருக்கு. வந்து எடுத்துக்குங்க."

"நீ எடுத்துட்டு வா."

"என்னைக் கொத்தும்."

சர்வோனோ பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார். போனவரை வெகுநேரம் காணோம். கைகலப்பாகிவிட்டதோ என்று பயந்து யாத்மி ஓடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"ரெண்டு பேரும் அடுப்புல கையை நீட்டிக்கிட்டு, கிழங்கு சுட்டுத் தின்னுட்டு இருக்காங்க. வாத்து நடுவுல தூங்குது!"

நல்ல நாள் பார்த்துச் சடை வெட்டினார்கள். வழக்கப்படி வெனிங்குக்குக் குடை பிடித்தது பர்ஜான்தான். வெட்டிய சடையை ஆற்றில் விடும்போது அண்ணனும் தம்பியும் ஒரே தட்டைப் பிடித்திருந்தார்கள்.

மஞ்சள் சோறு சாப்பிடும்போது மூர்னியால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏன்டி, உங்க சித்தப்பனைப் பத்தித் தெரியாதா? ஊர்ல கேக்க வேற பொருளே இல்லையா, போயும் போயும் அந்த நொண்டி வாத்தா?"

வெனிங் மடியில் இருந்த வாத்தைத் தடவிக்கொண்டே, மூர்னியின் காதோரம் சாய்ந்தாள்.

"நான் சைக்கிள்தான் கேக்கறதா இருந்தேன், அத்தை. சித்தப்பாதான் 'என் வாத்தைக் கேளு, யாரு வந்தாலும் கொடுக்க மாட்டேன், அப்போ உங்கப்பா வந்துதான் ஆகணும்'னு சொன்னாரு. சொல்றப்போ அழுதுட்டாரு."

"அப்போ உன் ஆசை பொய்யா?"

"இல்லையே. அவரு அழுதாரு இல்ல, அப்போ எனக்கு நிஜமாவே வாத்து மேல ஆசை வந்துடுச்சு."