சிவப்புத் துணி கட்டிய வெண்டைக்காய்

மனைவி குமுதவல்லிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தணிகாசலம் தானே சாம்பார் வைப்பதென்று மொட்டைமாடிக்குப் போனார். அவள் வாளியில் வளர்த்த வெண்டைச் செடியில் ஒரே ஒரு காய்தான் மிச்சம். அதன் காம்பில் அவளுடைய பழைய புடவையின் சிவப்புக் கிழிசல் கட்டியிருந்தது. முப்பத்திரண்டு வருடம் குமாஸ்தாவாக இருந்தவருக்குச் சிவப்பு நாடா என்றால் அவசரம். ஆபீஸில் அவசரக் கோப்புகளையெல்லாம் ஆறு மாதம் தூங்கவிட்டவர், இதை மட்டும் உடனே பறித்துவிட்டார்.

காய் கட்டையாக முற்றியிருந்தது, வேகவே மாட்டேன் என்றது. ஆனாலும், தயிர் கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஜெசிந்தாவிடம் பெருமையாக ஒரு கிண்ணம் நீட்டினார்.

அவள் கரண்டியால் கிளறிப் பார்த்தாள். "அண்ணே, இது அக்கா விதைக்கு விட்ட காயாச்சே! யாரும் பறிச்சிடக் கூடாதுன்னுதானே துணி கட்டினாங்க. அவங்க அம்மா வீட்டு விதை. இதுதான் கடைசி."

"சாம்பார் எப்படி இருக்கு?" என்றார், வேறென்ன கேட்பதென்று தெரியாமல்.

ஒரு வாய் சாப்பிட்டாள். "நல்லாருக்குண்ணே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உப்புதான் போடலை."

அவள் போனதும் சாம்பாரை வடிகட்டி விதைகளைப் பொறுக்கினார். கழுவி, வாளி மண்ணில் ஒவ்வொன்றாக ஊன்றினார். வெந்த விதை முளைக்காது என்பது குமாஸ்தாவுக்குக்கூடத் தெரியும். தண்ணீர் ஊற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, அதில் அந்தச் சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டினார்.

யாரும் பறித்துவிடக் கூடாதல்லவா.