வடகக் காவல்காரன்

மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்புஜவல்லி குமட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அமிர்தம், "இன்னாண்ணி, நாப்பத்தஞ்சு வயசுல விசேஷமா?" என்று சிரித்தாள்.

அம்புஜவல்லி கையை நீட்டிக் காட்டினாள். வரிசையாகப் பிழிந்த கூழ் வடகத்தின் நடுவே, காக்கை போட்டுவிட்டுப் போன கோழிக்குடல் கிடந்தது. வெயிலில் அதன் நீர் கசிந்து, வெள்ளை வடகமெல்லாம் மஞ்சளாகியிருந்தது. அமிர்தமும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அது 2005ஆம் வருஷத்துப் பங்குனி. அன்றைக்கு முழுக்க அம்புஜவல்லி சோறு தொடவில்லை. தெருவில் காக்கை கத்தினாலே வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

அவள் கணவர் குருமூர்த்தி, விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் மோட்டார் மெக்கானிக். இரண்டு ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டு, காக்கை விரட்ட ஒரு ரோபோ செய்தார். பழைய பஸ் வைப்பர் மோட்டார், இரண்டு தகரக் கைகள், தலைக்குக் கவிழ்த்த பெயிண்ட் டப்பா. சூளையில் கோணிப்போன கிண்ணங்களைக் கைகளில் கோத்துத் தொங்கவிட்டார். மேலே நிழல் விழுந்தால் போதும். கை வீசும், கிண்ணம் கலகலக்கும்.

அம்புஜவல்லி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "தலை ஒங்களதாட்டமே இருக்குதுங்க, உள்ள ஒண்ணும் இல்ல" என்றாள். ஆனால் அந்த வாரமே மறுபடி கூழ் கிளறினாள். ஒரு காக்கைகூடக் கிட்டே வரவில்லை.

வடகம் காய்ந்து டப்பாவில் ஏறிய மறுநாள், அடுப்படியில் நின்றிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

பதினாறாம் நாள் அதே மாடிச் சுவரில் படையல் சோறு வைத்தார்கள். காக்கை எடுத்தால்தான் பந்தி. விடிந்ததுமே குருமூர்த்தி ரோபோவைக் கழற்றிக் கோணியில் கட்டியிருந்தார்.

கா, கா என்று கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். எதிர்வீட்டு முருங்கையில் நாலு காக்கை உட்கார்ந்து பார்த்தன, ஒன்றும் இறங்கவில்லை. சோற்றில் ஈ அப்பியது. பாயசத்தில் எறும்பு செத்து மிதந்தது. வெயிலேற ஏற இலையிலிருந்து புளித்த வாடை அடித்தது.

பெண்ணாடத்திலிருந்து வந்திருந்த கொழுந்தியாள் பூங்கோதை எல்லோர் காதிலும் விழும்படி பேச ஆரம்பித்தாள். மனக்குறையோடு போனவர்களுக்குத்தான் இப்படி ஆகும், அக்காளை எப்படி வைத்திருந்தாரோ என்றாள். கடைசியில் அவர் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள்: "ஒங்க கைச்சோறே வேணாங்குதே மாமா, அப்பிடி இன்னா பண்ணீங்க எங்கக்காவ?"

வந்த ஜனமெல்லாம் அவரைப் பார்த்தது. குருமூர்த்தி இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். "கோவம்னா திட்டிட்டாவது போ அம்பு" என்று கைகூப்பினார்.

அடுத்த வீட்டு அமிர்தம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எந்திரிங்கண்ணே. அவங்களுக்குக் காக்கான்னாலே கொமட்டும். காக்காவா வான்னா எப்பிடி வருவாங்க?"