இரண்டு புள்ளி

ஷெட் வாசலில் நிழல் விழுந்ததும் வெல்டர் கிரைண்டரை நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

கூடப்பிறந்த தம்பி நின்றிருந்தான். தோளில் ஒரு துணிப்பை. ஜெயில் அவன் முகத்தைப் பாதியாக்கி அனுப்பியிருந்தது.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வந்த?"

"உன் மக சின்னவ போன் பண்ணா அண்ணே. அப்பா மறுபடியும் அதே மாடல் கார் கட்டறாரு சித்தப்பா, முதல் ரவுண்டு என்னைத்தான் ஏத்திக்கிட்டுப் போகப்போறாருன்னு சொன்னா."

"ஆமா. அதுக்கு இப்ப என்ன? அவளையும் உன்கிட்ட வாரிக் குடுக்கணுமா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஷெட்டில் வெல்டர் ஒரு ஓட்டைக் காரை எடுத்துக் கட்டினார். கடையில் கிடைக்காத பாகத்தையெல்லாம் தானே தகடு வெட்டி, வளைத்து, பற்றவைத்துச் செய்தார். அந்தக் காரில்தான் தம்பி, அவர் மூத்த மகள் பெரியவளை டியூஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். இறக்கத்தில் நின்றிருந்த லாரியின் பின்னால் கொண்டுபோய்ச் சொருகினான். பெரியவள் அங்கேயே போய்விட்டாள்.

'போனைப் பார்த்துக்கிட்டே ஓட்டினேன், பிரேக்கை மிதிக்கவே இல்லை' என்று அவனே வாயால் ஒப்புக்கொண்டான். அதற்குப் பிறகு நொறுங்கின வண்டியை எவன் கிளறிப் பார்க்கப்போகிறான்? பதினெட்டு மாசம் உள்ளே போட்டார்கள். அது பத்தாது என்பது வெல்டரின் கட்சி.

"ஒரே ஒரு தடவை மிதிச்சிருந்தா போதுமேடா பாவி. என் பொண்ணு இன்னிக்கு காலேஜ் போயிட்டிருப்பா."

தம்பி மேஜைமேல் கிடந்த புது பிரேக் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தான். தகட்டில் வெட்டின தண்டு, அதன் தலையில் பற்றவைத்த சின்னக் குழாய். பற்றவைத்த மேட்டை முழுக்கத் தேய்த்து எடுத்ததில் சேர்ந்த இடமே கண்ணுக்குத் தெரியவில்லை. 'ஜாயிண்ட் எங்கேன்னே தெரியலையே' என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். அதில் வெல்டருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தம்பியைப் பொருட்படுத்தாமல் அவர் பெடலைப் புரட்டி, உளிமுனையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். ஒரு புள்ளி விழுந்தது.

முன்பெல்லாம் எதைச் செய்தாலும் இரண்டு புள்ளி வைப்பார். பெரியவளுக்கு ஒன்று, சின்னவளுக்கு ஒன்று. பெரியவள் போனதிலிருந்து ஒன்றுதான்.

"அண்ணே, பெடல் மட்டும் நீ செய்ய வேணாமே. எங்கயாவது கம்பெனி பெடல் தேடித் தரேன். இல்லன்னா மறுபடி பத்தவச்சு, மேட்டைத் தேய்க்காம அப்படியே விடு. மேடு இருந்தாத்தான் பலம்னு ஜெயில் பட்டறையில சொன்னாங்க."

வெல்டர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

"ஆளைக் கொன்னவன் எனக்கு வெல்டிங் பாடம் எடுக்கறான்."

"உன்கிட்ட ஒண்ணு காட்டணும் அண்ணே." தம்பியின் கை பைக்குள் போனது.

"நீ ஒண்ணும் காட்ட வேணாம். இதைப் பாரு." வெல்டர் இரண்டு கையையும் அவன் முகத்துக்கு நேரே விரித்தார். "இந்தக் கையை நம்பித்தான் இன்னும் உசிரோட இருக்கேன். எல்லாம் போச்சு, இது ஒண்ணுதான் எனக்குத் துரோகம் பண்ணல. இதுவும் இல்லன்னா அவ பின்னாடியே போயிருப்பேன்."

பைக்குள் போன கை வெறுமனே வெளியே வந்தது.

"சரிண்ணே. கொஞ்சம் தண்ணி குடு. குடிச்சிட்டுப் போயிடறேன்."

தண்ணி கேட்டவனுக்கு இல்லை என்று சொல்ல வெல்டருக்கு வாய் வரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குள் போனார். டம்ளரோடு திரும்பினால் ஷெட் காலி. மேஜையும் காலி.

"ஏங்க, பெடலை எடுத்துக்கிட்டு ஓடறான்," என்று வாசலிலிருந்து மனைவி கத்தினாள்.

தெருமுனை தாண்டுவதற்குள் இரண்டு பேருமாகப் பிடித்துவிட்டார்கள். வெல்டர் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். பிறகு இன்னொன்று. உதடு கிழிந்தும் தம்பி தடுக்கவில்லை. பையை மட்டும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான்.

"பிள்ளையத்தான் பறிச்ச. இப்ப திருட வேற வந்துட்டியா? பையைக் கொட்டுடா."

"வேணாம் அண்ணே. பெடலை நானே எடுத்துத் தரேன். பையை மட்டும் விட்டுடு."

"ஏன், இன்னும் என்னத்தைச் சுருட்டின?"

மனைவி பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சட்டை விழுந்தது. புதுப் பெடல் விழுந்தது. கடைசியாகத் துணியில் சுற்றின ஏதோ ஒன்று கல்லில் பட்டு, துணி விலகியது.

துருவேறிய பெடல் ஒன்று, பாதிதான் இருந்தது. குழாயோடு சேரும் இடத்தில், மேடு தெரியாமல் தேய்த்த அதே இடத்தில், முறிந்திருந்தது.

வெல்டர் குனிந்து எடுத்தார். புரட்டி, கட்டைவிரலால் துருவைத் துடைத்தார்.

இரண்டு புள்ளி.

அவர் புதுப் பெடலையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் தம்பி, ரத்தம் வழிகிற வாயோடு அவசர அவசரமாகச் சொன்னான்.

"அதைப் பார்க்காத அண்ணே. அது வேற எதுவோ. நான்தான் அன்னிக்கு பிரேக்கை மிதிக்கவே இல்லையே."