வாலில் அடித்த காற்று

1990 நவம்பர், சுவீடனின் கிரூனா நகர விண்வெளி ஆய்வகம். பூமிக்குப் பின்னால் நீளும் காந்த வாலில், நொடிக்கு எண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் பிளாஸ்மா பாய்ந்ததை ஒரு துணைக்கோள் பதிவு செய்திருந்தது. அதை அறிவிக்கும் கூட்டம் அன்று.

குன்வோர், பச்சைநிறப் பாதாம் பசை போர்த்திய மார்ஸிபான் கேக்கை மேசைமேல் வைத்தாள்.

"அந்த ராக்னருக்குக் கேக் வேறயா?" என்றாள் பக்கத்து அறை சீவ். "உன் கண்டுபிடிப்பை முழுங்கிட்டு, தன் பேர்ல ஏப்பம் விட்டவராச்சேடீ!"

"அதனாலதான். இன்னைக்குத் தொண்டையில சிக்கும், பாரு."

துணைக்கோளின் பிளாஸ்மா கருவி குன்வோரின் பொறுப்பு. வாடைக்காற்று வடக்கே போவதில்லை, வடக்கேயிருந்து வருகிறது. கருவியும் அப்படித்தான், துகள் வரும் திசையைத்தான் சொல்லும். போகும் திசை வேண்டுமானால் ஒரு கழித்தல் குறி போட வேண்டும்.

எப்போதும் அவள்தான் போட்டுக் கொடுப்பாள். இந்த முறை போடவில்லை.

ஆய்வுக்குழுத் தலைவர் ராக்னர் கதவருகே வந்து நின்றார். "குன்வோர், முன் வரிசையில உட்காரு. கட்டாயம்."

"வேற எங்க உட்காருவேன்? உங்க முகத்தைப் பார்க்கணுமே!"

கூட்டம் தொடங்கியது. ராக்னர் மேடையேறிப் படங்களைக் காட்டினார். திரையில் அம்புகள் பூமியை விட்டு விலகி ஓடின. ஹெல்சிங்கியிலிருந்து வந்திருந்த விருந்தினர் எழுந்தார்.

"காந்தப்புலம் ஒண்ணு சொல்லுது, உங்க அம்பு ஒண்ணு சொல்லுதே! பூமியைப் பார்த்துல்ல பாயணும்? கழித்தல் குறியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா? முதல் வருஷப் பையன்கூட இப்படிப் பண்ண மாட்டானே!"

அரங்கமே சிரித்தது. சர்க்கரை போடாத காப்பி குன்வோருக்கு இனித்தது. ஏழு வருடமாக அவள் காத்திருந்த சிரிப்பு அது.

ராக்னர் மட்டும் கலங்கவில்லை. "இருக்காது. இதைக் கணக்குப் போட்டவங்க தப்பே பண்ண மாட்டாங்க" என்றார். "ஒரு தடவை அவங்க உழைப்பை நான் என்னோடதுன்னு சொல்லிக்கிட்டேன். அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இன்னைக்கு இந்த மேடை."

எல்லாத் தலைகளும் முன் வரிசைப் பக்கம் திரும்பின. அவர் அவளைப் பார்த்துக் கை நீட்டினார்.

"எழுந்து பதில் சொல்லு, குன்வோர். அறிக்கை நேத்தே அச்சாயிடுச்சு, உன் பேர்ல மட்டும்."