இல்லை என்று வந்தது

சுவரோரக் கட்டிலில் வேல்ராஜ், ஆபரேஷன் தழும்பு தெரியாமல் குரங்குக் குல்லா போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் காலடியில், பாயில், எங்களோடு அறையில் தங்கியிருக்கும் சண்முகசுந்தரம். கவிழ்த்த பக்கெட்டின் மேல் ஜெபகுமார். வாசற்படியில் வீட்டுக்காரத் தாயாரம்மாள், உள்ளே வராமல், திரும்பிப் போகவும் போகாமல். ஜன்னல் பக்கம், அரிசி மூட்டையில் சாய்ந்து நான்.

நடுவே தரையில் ஜெபகுமாரின் செல்போன்.

"குல்லாவுல ஷோக்கா கீற மாப்ள. போட்டோ எடுத்து பொண்ணூட்டுக்கு அனுப்பிறலாம்" என்றான் ஜெபகுமார். அவன் உள்ளூர், இந்த மண்ணூரிலேயே பிறந்தவன், எங்கள் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். யாரும் சிரிக்கவில்லை. வேல்ராஜ் மட்டும் சிரித்தான்.

வேல்ராஜும் நானும் வள்ளியூர்ப் பக்கம். ஒரே பள்ளிக்கூடம், இப்போது ஒரே கம்பெனி. கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்கிற இடம். வெல்டிங் சரியில்லாத சட்டங்கள் அவனுடைய ரீவொர்க் மேஜைக்குப் போகும். தேய்த்து, மறுபடி பற்றவைத்து, நல்ல சட்டமாக்கி லைனுக்கு அனுப்பிவிடுவான். அவன் கைக்குப் போன எதுவும் குப்பைக்குப் போனதில்லை.

ஐப்பசியில் அந்த வலது கை மரத்துப்போனது.

தலைக்குள் கட்டி. சென்னை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். புற்று என்றார்கள். எடுத்ததில் ஒரு துண்டைப் பெங்களூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் பதிலுக்காகத்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

ஊரில் இன்னொருவரும் காத்திருந்தார். வேல்ராஜுக்குப் பேசிவைத்த செல்வலட்சுமியின் அப்பா. முடிவு நல்லபடியாக வந்தால் தையில் கல்யாணம், வந்ததும் எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வேறு இடம் பார்க்க அந்தப் பெண் விடவில்லையாம்.

போன் அடித்தது.

ஜெபகுமாரின் சித்தி மகள் ஜாஸ்மின், அந்த ஆஸ்பத்திரி ஆபீஸில் வேலை பார்க்கிறவள். அவள் வாசிக்க வாசிக்க இவன் தலையாட்டினான். பிறகு எழுந்த வேகத்தில் பக்கெட் உருண்டது.

"இல்லியாம்! மெத்திலோ இன்னாவோ, அது இல்லவே இல்லியாம்!"

"கூவாம சொல்லுடா. நல்ல சேதியா, இன்னா?" என்றார் தாயாரம்மாள்.

"இல்லன்னு வந்துகீதும்மா. அப்புறம் இன்னா?"

எங்கள் லைன் பலகையில் விபத்து இல்லை, ரிஜெக்ட் இல்லை என்று எழுதிய நாளில்தான் சூப்பர்வைசர் சிரிப்பார். எங்களுக்கு இல்லை என்பது நல்ல வார்த்தை.

சண்முகசுந்தரம் வேல்ராஜின் காலைக் கட்டிக்கொண்டான். தாயாரம்மாள் முதல்முறையாக உள்ளே வந்து, குல்லாவின் மேல் கைவைத்தார். வூட்ல பால் கீது, பாயசம் வெக்கிறேன் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

நான் எழுந்திருக்கவில்லை.

போன மாதம் வேல்ராஜ் ஸ்கேன் அறைக்குள் இருந்தபோது டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன். கட்டியின் செல்லை மருந்து உடைக்கும். உடைந்ததைச் சரிசெய்ய அந்தச் செல்லுக்குள்ளேயே ஒரு ஜீன் உண்டு. அதன்மேல் மெத்தில் என்கிற சின்ன அடையாளம் ஒட்டியிருந்தால் அந்த ஜீன் மூடிக்கிடக்கும், மருந்து கேட்கும். அடையாளம் இல்லாவிட்டாலும் மருந்து கொடுப்போம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

இருக்க வேண்டும், இருக்க வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

சண்முகசுந்தரம் மிக்சர் வாங்கக் கடைக்கு ஓடினான். ஜெபகுமார் வெளியே நின்று, போனில் யார் யாருக்கோ சேதி சொல்லிக்கொண்டிருந்தான்.

"நம்பி, மாமாவுக்கு லெட்டர் எழுதணும்லா. பேனாவ எடு" என்றான் வேல்ராஜ்.

அறையில் எல்லார் கடிதத்துக்கும் என் கையெழுத்துதான். 2-12-2006 என்று தேதி போட்டேன். இடது ஓரம் விட்டேன். கைப்பழக்கத்தில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதினேன். பேனா அங்கேயே நின்றது.

இல்லை என்று எழுதினால் அது பொய்யும் இல்லை. தையில் கல்யாணம் நடந்துவிடும். கொஞ்ச நாளாவது சிரித்துக்கொண்டிருப்பான்.

"இல்லன்னு வந்துட்டுன்னு எழுதட்டாடே?" என்றேன், அவன் முகத்தைப் பார்க்காமல்.

அவன் இடது கையால் குல்லாவை மேலே தள்ளிவிட்டுக்கொண்டான்.

"அன்னைக்கு நீ மருந்துக்கு வரிசைல நின்னேல்லா? அப்போ டாக்டரம்மாட்ட நானும் கேட்டேம்டே. என் தலைக்குள்ளயும் ஒரு ரீவொர்க்காரன் உக்காந்திருக்கானாம். இல்லன்னு வந்தா, அவன் லீவே போடமாட்டாம்னு அர்த்தம்."

வெளியே பார்த்தான். ஜெபகுமார் இன்னும் போனில் கத்திக்கொண்டிருந்தான்.

"கல்யாணம் இல்லன்னு எழுது."

எழுதினேன். பெண்ணுக்கு நல்ல இடமாகப் பாருங்கள் என்று அவன் சொன்னதையும் எழுதினேன். எழுதி முடித்து, மேலே இருந்த 'நலம்' என்பதை அடிக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அது கெடக்கட்டும்."

கவரில் பசை காய்ந்துபோயிருந்தது. சட்டியிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து, இடது கட்டைவிரலால் நசுக்கி, அவனே ஒட்டினான். கோணலாக ஒட்டியது. பிரித்து, ஓரம் பார்த்து, மறுபடி ஒட்டினான்.

ஜெபகுமார் எட்டிப் பார்த்தான். "மாமனார் வூட்டுக்கா? குடு, நானே போட்டுட்டு வரேன். கல்யாணத்துக்கு எனக்கு பேன்ட்டு சட்டை எடுத்துக் குடுக்கணும், இப்பவே சொல்லிட்டேன்."

"எடுத்துருவோம்டே" என்று வேல்ராஜ் கவரைக் கொடுத்தான்.

சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஜெபகுமார் பைக்கை எடுத்தான். தெருமுனை திரும்பும்வரை ஹார்ன் அடித்துக்கொண்டே போனான்.